யின் குறைவா, காசக் கிருமியா?

சீன மருத்துவ நூல்களில் ‘நுரையீரல் யின் குறைவு’ என்றொரு நிலை கூறப்படுகிறது. யின் என்பது உடலைக் குளிர்வித்து ஈரமாக வைக்கும் தன்மை. அது குறைந்தால் நுரையீரல் வறண்டு சூடேறுமாம். வறட்டு இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தக் கீற்று ஆகியவை அதன் அடையாளங்கள். நமக்கு இத்தகைய சிந்தனை புதிதன்று. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் சமநிலை குலைவதே நோய் என்று சித்த மருத்துவமும் கூறுகிறது அல்லவா?

இக்கருத்தை அறிவியல் நோக்கில் எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில் இதன் சிறப்பு. மேலே கண்ட அடையாளங்களைக் கேட்டதும் இன்றைய மருத்துவர் காசநோயை ஐயுறுவார். நுண்நோக்காடி இல்லாத காலத்திலேயே இவற்றை ஒன்று சேர்த்துக் கண்டது கூர்மையான கவனிப்பு.

ஆனால், கவனிப்பு வேறு, காரணம் வேறு. காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று 1882 மார்ச் 24 அன்று இராபர்ட் கோக் அறிவித்தார். கிருமியைச் சளியில் காணலாம், வளர்க்கலாம். ‘இல்லை’ என்று தெரிந்தால் முடிவை மாற்றிக்கொள்ளலாம். யின்னை அளக்கவோ, அது குறையவில்லை என்று காட்டவோ வழி இல்லை. தவறென்று காட்ட முடியாத விளக்கம் திருந்தவும் முடியாது.

சென்னையில் 1956இல் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. அங்கு ஒரு பிரிவு நோயாளிகளுக்கு மருத்துவ மனையில் ஓய்வும் நல்ல உணவும் மருந்தும் கிடைத்தன. மற்றொரு பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளில், எளிய உணவோடு, அதே மருந்தை உண்டனர். 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். இது சீன மூலிகைகளைச் சோதித்த ஆய்வன்று. எனினும், கிருமியைக் கொல்லும் மருந்தே முதன்மையானது என்பதை அது காட்டியது. ஊட்டம் நோயாளிக்குத் தேவைதான். ஆனால் அது மருந்துக்குத் துணையே, மாற்றன்று.

இனி, பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரத்தில் கருங்கல் கிரஷரில் வேலை செய்யும் ஒருவருக்கு நாட்பட்ட வறட்டு இருமல் என்று கொள்வோம். அது கல்தூசி நுரையீரலில் படிந்ததால் இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். தூசிக்குத் தடுப்பு வேண்டும்; கிருமிக்கு மருந்து வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அடக்கினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே சீன மருத்துவ நிலைகள் உள்ளனவே என்று நீங்கள் கேட்கலாம். 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் அவை இடம்பெற்றது உண்மை. அது கணக்கெடுப்புக்கான ஏற்பாடு. அச்சிகிச்சை பலன் தரும் என்ற சான்றிதழ் அன்று.

பழைய மருத்துவத்தை ஒதுக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. நம் வேலியோர ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை ஆராய்ந்ததன் பயனாகவே, சளியை இளக்கும் புரோம்எக்சின் மருந்து பிறந்தது. சோதித்ததால் மூலிகையின் மதிப்பு உயர்ந்ததே தவிரக் குறையவில்லை.

ஆகவே, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதன் பெயரைப் பற்றி வாதிட வேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். செய்யும் தொழிலையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.