குமுதவல்லியைத் தேடி

மனைவியைப் பறிகொடுத்த மாஸ் ஹீரோ அடுத்து என்ன செய்வார் என்பது நம் சினிமாவில் எழுதப்படாத சட்டம்: பழிவாங்கக் கிளம்புவார். இயக்குநர் பா. இரஞ்சித், 2016 ஜூலையில் வெளியான ‘கபாலி’யில் அந்தச் சட்டத்தைப் பாதி வழியில் மீறினார். கோலாலம்பூர் கேங்ஸ்டர் படம் என்றுதான் அதைச் சொல்வார்கள். எனக்கு அது காதல் படம்.

25 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து கபாலியான ரஜினி வீடு திரும்புகிறார். மனைவி குமுதவல்லி கொல்லப்பட்டுவிட்டாள் என்றே நம்பியிருக்கிறார். ஆனாலும் அந்த வீட்டில், அவர் கண்ணுக்கு மட்டும், அவள் இருக்கிறாள். ராதிகா ஆப்தே அந்த வீட்டுக்காரியாகவே இயல்பாக வந்து நிற்கிறார். ரஜினியின் முகத்தில் மலர்ச்சி வந்து, வந்த வேகத்திலேயே அடங்குகிறது. ஒப்பாரி இல்லை, சபதம் இல்லை. இத்தனை வருடம் மனத்துக்குள் அவளோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்பது அந்த ஒரு பார்வையில் நமக்குப் புரிந்துவிடுகிறது.

அவள் உயிரோடிருக்கும் செய்தி வந்ததும், பகையை அப்படியே போட்டுவிட்டு மகள் யோகியோடு கடல் கடந்து தேடி வருகிறார். துப்பாக்கிக்கு அசராதவரை ஒரு சந்திப்பு கலங்கடிக்கிறது. சந்தோஷ் நாராயணன் இசையில் உமாதேவி எழுதிய ‘மாயநதி’, இளமை கடந்த ஒரு தம்பதிக்கான காதல் பாட்டு. அப்போது ரஜினிக்கு வயது 65. நரைத்த தாடியை மறைக்காமல் காதலிக்க அவரை விட்டதுதான் இரஞ்சித்தின் துணிச்சல்.

2018இல் வந்த ‘காலா’விலும் இந்த நுட்பம் தொடர்கிறது. காலாவான ரஜினியின் பழைய காதலி சரீனா திரும்பி வரும்போது மனைவியாக வரும் ஈஸ்வரி ராவின் செல்வி பொருமுகிறாள், குத்திக்காட்டுகிறாள். புருஷன்மேல் வைத்த பாசத்தில் மட்டும் குறை வைப்பதில்லை. இரண்டு பெண்களில் யாரையும் இரஞ்சித் சிறுமைப்படுத்துவதில்லை. அந்த வாயாடித்தனத்துக்கு நாம் பழகிப்போன பிறகு செல்வி சாகிறாள். காலாவின் வீட்டில் விழுந்த வெறுமை அதனால்தான் நம்மையும் தாக்குகிறது.

துக்கத்தைக் காட்ட, முதலில் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்ட வேண்டும். கபாலிக்குக் குமுதவல்லியும் காலாவுக்குச் செல்வியும் யார் என்று நமக்குத் தெரிந்திருப்பதால், அவர்கள் இல்லாத இடத்தில் நடிகர் வாய் திறக்கவே வேண்டியிருப்பதில்லை. நாயகனின் வீரத்தைக் காட்ட ஆயிரம் பேர் உண்டு. அவர் ஒருத்திக்குக் கணவராக வாழ்ந்ததை இவ்வளவு பரிவோடு காட்டியவர்கள் வெகு சிலரே.