மன்னிப்பு மட்டும் போதுமா, சாமி?

மீன்சுருட்டிக்கும் நியூசிலாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெட்டியும் வாளியுமாகப் பிள்ளைகள் ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று பல ஊர்களுக்கு. அவற்றில் கிறிஸ்தவ சபைகள் நடத்தும் ஹாஸ்டல்களும் உண்டு. இந்துக் குடும்பங்களும் நம்பி அனுப்புகின்றன. ‘சிஸ்டருங்க பாத்துப்பாங்க, நாலு எழுத்து வரும்’ என்ற நம்பிக்கை. அது சும்மா வந்ததில்லை. அரசாங்கம் எட்டிப் பார்க்காத ஊர்களில்கூடப் பள்ளிக்கூடம் கட்டிச் சம்பாதித்த நம்பிக்கை.

அதே நம்பிக்கையோடுதான் நியூசிலாந்துக்காரர்களும் பிள்ளைகளை அரசு இல்லங்களிலும் சபை இல்லங்களிலும் விட்டார்கள். 2018-ல் அந்த நாட்டு அரசு ஒரு ராயல் கமிஷன் வைத்தது. 2,300-க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். 2024 ஜூலையில் இறுதி அறிக்கை வந்தது. 1950 முதல் 2019 வரை பராமரிப்பில் இருந்தவர்கள் சுமார் ஆறரை லட்சம் பேர். அவர்களில் இரண்டு லட்சம் பேர் வரை கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்கிறது அறிக்கை. நாட்டின் மொத்த ஜனத்தொகையே சென்னையைவிடக் குறைவு!

கத்தோலிக்கத் திருச்சபை என்ன செய்தது? முதலில் பாராட்டிவிடுகிறேன். ஆரம்பத்தில் அரசு இல்லங்களை மட்டும்தான் விசாரிப்பதாக இருந்தது. ‘எங்களையும் சேருங்கள்’ என்று சபைகளே கேட்டன. 2021 மார்ச்சில் கர்தினால் ஜான் டியூ கமிஷன் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். நல்லது.

ஆனால், மன்னிப்புக் கேட்டால் கணக்கு முடிந்துவிடுமா? இதற்கு என்னிடம் பதில் கேட்க வேண்டாம். திருச்சபையின் ஞானோபதேச வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்களே, நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று. செய்த பாவங்களை ஒன்றுவிடாமல் நினைத்துப் பார்க்க வேண்டும். மனஸ்தாபப்பட வேண்டும். இனிமேல் செய்வதில்லை என்று தீர்மானிக்க வேண்டும். குருவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் விதித்த அபராதத்தைத் தீர்க்க வேண்டும். பத்து வயசுப் பையனுக்கு வைக்கிற இந்தப் பரீட்சையை ஆயர்களுக்கும் வைத்துப் பார்ப்போம்.

முதல் காரியம், நினைத்துப் பார்ப்பது. நியூசிலாந்துத் திருச்சபை தன் பழைய ஃபைல்களைப் புரட்டி 2022-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 1950-லிருந்து 1,680 புகார்கள். மறைமாவட்டக் குருக்களில் நூற்றுக்கு 14 பேர் மீது புகார். அதாவது ஏழு பேரில் ஒருவர். கமிஷன் கேட்ட பிறகுதான் இந்தக் கணக்கு வந்தது. கேட்காமலிருந்தால்? கிறைஸ்ட்சர்ச் ஊரில், கற்றலில் பின்தங்கிய சிறுவர்களுக்காக ஒரு துறவற சபை நடத்திய மேரிலேண்ட்ஸ் பள்ளியில் ஊழியம் செய்த சகோதரர்கள் 37 பேர். அவர்களில் 21 பேர் மீது புகார். இத்தனை வருஷமும் இந்தத் தகவல்கள் ஏதோ ஒரு அலமாரியில் இருந்தன.

இரண்டாவது, மனஸ்தாபம். இதில் எல்லா நாட்டு ஆயர்களுக்கும் பாஸ் மார்க். கண்ணீருக்குக் குறைவில்லை.

மூன்றாவது, இனிமேல் செய்வதில்லை என்ற தீர்மானம். இதற்கு நம்ம ஊட்டிக்கே வரலாம். ஊட்டி மறைமாவட்டத்துப் பாதிரியார் ஜோசப் ஜெயபால் 2004-ல் அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு ஊழியத்துக்குப் போனார். அங்கே சிறுமிகளிடம் தவறாக நடந்ததாகப் புகார். அதற்குள் இந்தியா திரும்பிவிட்டார். 2012-ல் தமிழ்நாட்டில் கைதாகி, 2014-ல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2015-ல் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து ஊர் திரும்பியதும், 2016-ல் மறைமாவட்டம் வத்திக்கானைக் கலந்துகொண்டு அவருடைய இடைநீக்கத்தை ரத்து செய்தது. வெளியார் யாரும் போட்ட பழி இல்லை, கோர்ட்டில் அவரே ஒப்புக்கொண்ட குற்றம். தீர்மானம் எங்கே போயிற்று?

நான்காவது, மறைக்காமல் சொல்வது. ஆஸ்திரேலியாவில் ஐந்து வருஷம் நடந்த ராயல் கமிஷன் 2017-ல் அறிக்கை தந்தது. அதன் பரிந்துரைகளில் நூற்றுக்கு 98-ஐ ஏற்பதாக ஆயர்கள் 2018-ல் சொன்னார்கள். மறுத்தவற்றில் முக்கியமானது, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒருவன் குழந்தையைக் கெடுத்ததாகச் சொன்னால் அதை போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது. அது மீற முடியாத ரகசியமாம். விசுவாசத்தை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அந்த ரகசியத்தால் காப்பாற்றப்படுவது குழந்தையா, குற்றவாளியா? நம் போக்சோ சட்டம், தெரிந்தவர் எவரானாலும் சொல்லியாக வேண்டும் என்கிறது. பாதிரியாருக்கு என்று தனி விலக்கு எதுவும் அதில் எழுதப்படவில்லை.

ஐந்தாவது, அபராதம். அயர்லாந்தில் 2002-ல் 18 துறவற சபைகள் அரசோடு ஒப்பந்தம் போட்டன. சபைகள் தருவது 12.8 கோடி யூரோ, மிச்சத்தை அரசு பார்த்துக்கொள்ளும். கடைசியில் செலவு 150 கோடி யூரோவாக ஏறியது. பிறகு கூடுதலாகத் தருவதாகச் சொன்னதும் முழுதாக வந்து சேரவில்லை. பாவம் செய்தது ஒருவர், அபராதம் கட்டியது வரி செலுத்தும் ஜனங்கள்.

ஐந்தில் ஒன்று தேறியிருக்கிறது. இன்னொன்று பாதி.

நம் ஊரில்? இங்கே பரீட்சையே நடக்கவில்லை. 2014-ல் பொள்ளாச்சியில் ஒரு சபை விடுதிக்குள் புகுந்து இரண்டு சிறுமிகளை ஒருவன் சீரழித்த பிறகு, விடுதிகளுக்காக மாநில அரசு சட்டம் போட்டது. தமிழ்நாட்டுக் காப்பகங்கள் பற்றிய வழக்கில் 2017-ல் சுப்ரீம் கோர்ட், எல்லா குழந்தைகள் இல்லங்களையும் வருஷக் கடைசிக்குள் பதிவு செய்யச் சொன்னது. எல்லாம் இனிமேலுக்கு. நேற்றுவரை என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பழைய கதையை எதற்குக் கிளற வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். சின்ன வயசில் நடந்ததை வாய் திறந்து சொல்ல ஒருவருக்குச் சராசரியாக 24 வருஷம் ஆகிறது என்று ஆஸ்திரேலிய கமிஷன் கண்டது. அப்படியானால் 2000-ல் நம் ஹாஸ்டல்களில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போதுதான் பேச நேரம் வந்திருக்கிறது. கேட்க யார் இருக்கிறார்கள்?

2022 ஜனவரியில் தஞ்சை மாவட்டம் மைக்கேல்பட்டியில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியின் விடுதியில் இருந்த அரியலூர் மாவட்டத்து மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். மதமாற்றமா இல்லையா என்று நாடே இரண்டாக நின்று கத்தியது. வழக்கு சி.பி.ஐ. வரை போனது. விடுதிக் கணக்கு வேலைகளைத் தன் தலையில் கட்டியதாக அந்தப் பெண் சொன்னது அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. திருச்சபையின் எதிரிகளுக்கு அவள் ஆயுதம். திருச்சபைக்கு அவள் தலைவலி. ஹாஸ்டலில் ஒரு பிள்ளைக்குக் கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்லும் என்ற கேள்வியை இரண்டு பக்கமும் கேட்கவில்லை.

இது சபை ஹாஸ்டல்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை. அரசு விடுதி, மடம், குருகுலம், டிரஸ்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து, பழைய ஃபைல்களைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தோடு ஒரு கமிஷன் வேண்டும். நியூசிலாந்தில் செய்ததைப் போல, ‘எங்களிடமிருந்து தொடங்குங்கள்’ என்று தமிழக ஆயர்கள் முதலில் கைதூக்கலாமே!

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மறைமாவட்டமும் புகார் சொல்ல மக்கள் எளிதில் அணுகக்கூடிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2019-ல் போப் பிரான்சிஸ் உத்தரவு போட்டார். 2020 ஜூன் வரை கெடு. கத்தோலிக்க வாசகர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். அந்த ஏற்பாடு பற்றி ஒரு வரி, ஒரு போன் நம்பர் இருக்கிறதா? இல்லையென்றால் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள்.

ஹாஸ்டலுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் பெட்டியின் உள்பக்கம் 1098 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் அது. எப்போது கூப்பிடலாம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.