ஒலிவாங்கிக்குப் பழகிய எழுத்து: சினுவா அச்செபேயின் சிறுகதைகளும் நினைவுநூலும்

சினுவா அச்செபேயைத் தமிழ் வாசகர்கள் நாவலாசிரியராகத்தான் அறிவார்கள். என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் வந்த ‘சிதைவுகள்’ அந்த அறிமுகத்தைச் செய்தது. ஆனால் அந்த நாவலை அவர் எழுதியபோது அவருக்குச் சோறு போட்டது வானொலி. 1954இல் நைஜீரிய ஒலிபரப்பு நிலையத்தில் சேர்ந்த அவர் 1966 வரை அங்கே இருந்தார். 1958, 1960, 1964, 1966 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த முதல் நான்கு நாவல்களும் வானொலிக்காரர் ஒருவர் அலுவலக நேரம் போக எழுதியவை. இதை வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது விமர்சகர்களின் வழக்கம். அவருடைய சிறுகதைத் தொகுதியான ‘கேர்ள்ஸ் அட் வார்’ (1972), நினைவுநூலான ‘தேர் வாஸ் எ கன்ட்ரி’ (2012) இரண்டையும் சேர்த்து வாசித்தால் அந்த ஒரு வரி போதாது என்பது தெரியும். ஒலிபரப்பாளர் அச்செபே கதைகளில் முழுமையாக இருக்கிறார். நினைவுநூலில் அவரைத் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பணி என்ன என்று பார்த்துவிடலாம். 1930இல் ஒகிடியில் பிறந்து, இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்து, சில மாதங்கள் பள்ளியில் பாடம் நடத்திய பிறகு லாகோஸ் நிலையத்தின் உரைப் பிரிவுக்கு வந்தார் அச்செபே. பிறர் பேசுவதற்கான பிரதிகளைத் தயாரிப்பதும் திருத்துவதும் அங்கே வேலை. தாளில் அழகாக நிற்கும் வாக்கியம் வாயில் இடறும். கேட்பவர் ஒரு பக்கத்தைத் திருப்பி மறுபடி பார்க்க முடியாது. பேசுபவர் யார் என்பது முதல் சில சொற்களிலேயே புரிய வேண்டும். இந்தக் கட்டாயங்களுக்குள் நாள்தோறும் புழங்கினார். 1956இல் பிபிசி பயிற்சிக்காக லண்டன் போனபோது, அங்கே பணியாற்றிய நாவலாசிரியர் கில்பர்ட் ஃபெல்ப்ஸ் அவருடைய ‘சிதைவுகள்’ நாவலின் கைப்பிரதியைப் படித்து ஊக்கமளித்தார். அதன் பிறகு தட்டச்சு செய்ய லண்டனுக்கு அனுப்பிய பிரதி அங்கேயே கிடந்துவிட்டது. விடுமுறையில் லண்டன் சென்ற நிலைய மேலதிகாரி ஏஞ்சலா பீட்டி நேரில் போய்க் கேட்டதால்தான் அது மீண்டது. ஆப்பிரிக்க நாவலின் வரலாற்றில் மிக முக்கியமான கையெழுத்துப் பிரதி காணாமல் போகாமல் இருந்ததற்கு ஒரு வானொலி நிலையத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அவர் தனி ஆள் அல்லர். அதே நிலையத்தில் சிறப்பு நிகழ்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்த சிப்ரியன் எக்வென்சி, வானொலியில் வாசித்த கதைகளை இணைத்துத் தன் முதல் நாவலை உருவாக்கினார். நைஜீரிய உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அவரது ‘சர்வைவ் தி பீஸ்’ (1976) நாவலின் நாயகனே ஒரு வானொலிச் செய்தியாளன்தான். 1954 முதல் 1956 வரை பிபிசியின் ‘கரீபியன் வாய்சஸ்’ நிகழ்ச்சியைத் தொகுத்த வி.எஸ். நைபால், ‘மிகுவேல் ஸ்ட்ரீட்’ கதைகளை அந்த நிலையத்தின் அறையில் அமர்ந்து எழுதத் தொடங்கியதை ‘ஃபைண்டிங் தி சென்டர்’ (1984) நூலில் விவரமாகச் சொல்கிறார். ஒலிபரப்பின் நடுவே தான் எழுத்தாளரான விதத்தை நைபால் ஒரு முழுக் கட்டுரையாக்கினார். அச்செபேயோ சில பக்கங்களில் கடந்துவிடுகிறார். ஆகவே அவர் விஷயத்தில் நமக்குச் சாட்சி கதைகள்தாம்.

இருபது ஆண்டுகளில் அவர் எழுதிய சிறுகதைகள் ஒரு டஜன் அளவே. வானொலிக்கு வருமுன் எழுதிய ‘டெட் மென்ஸ் பாத்’ கதையில் ஒரு தலைமை ஆசிரியர், இறந்தவர்களின் வழி என்று கிராமம் நம்பும் ஒற்றையடிப் பாதையை வேலிபோட்டு அடைக்கிறார். பூசாரி வந்து சொல்லும் நியாயமும் தலைமை ஆசிரியர் சொல்லும் நியாயமும் கதையில் இருக்கின்றன. ஆனாலும் இது முழுக்கக் கதாசிரியரின் குரலில் நகரும் கதை. கடைசி அடியும் அவரே அடிக்கிறார். ‘அங்கிள் பென்ஸ் சாய்ஸ்’ அப்படியல்ல. வயதான ஒருவர் தன் இளமைக் காலச் சம்பவத்தை, எதிரே நண்பர்கள் உட்கார்ந்திருப்பதுபோலப் பேசிக்கொண்டே போகிறார். பீற்றலும் ஒளிப்பும் அந்தப் பேச்சிலேயே தெரிகின்றன. ஆசிரியர் குறுக்கே வரவே இல்லை. ‘தி வோட்டர்’ கதையில் இரு கட்சிகளிடமும் காசு வாங்கிய ரூஃப், வாக்குச் சாவடியில் சீட்டை இரண்டாகக் கிழித்து இரண்டு பெட்டியிலும் ஒவ்வொரு பாதியைப் போடுகிறான். அதுவரை நடப்பதெல்லாம் பெரும்பாலும் பேரம், சமாதானம், சத்தியம் என்று பேச்சாகவே நடக்கிறது.

இந்தத் திறன் உச்சம் தொடுவது 1971இல் வந்த ‘சிவில் பீஸ்’ கதையில். கிழக்கு நைஜீரியா பயாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிந்ததால் மூண்ட அந்த உள்நாட்டுப் போர் முடிந்து எனுகுவுக்குத் திரும்பும் ஜொனாதன் இவெக்பு, ஒரு பிள்ளையை இழந்திருந்தும் தன்னையும் மனைவியையும் மிஞ்சிய மூன்று பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்துப் பேறு பெற்றவன் என்று மகிழ்கிறான். அரசு கொடுத்த கருணைத்தொகை 20 பவுண்டு கைக்கு வருகிறது. அன்றிரவு திருடர்கள் கதவைத் தட்டுகிறார்கள். அதற்குப் பிறகு நாம் எதையும் பார்ப்பதில்லை, எல்லாம் காதால்தான். தட்டும் ஓசை, உள்ளே குடும்பத்தின் அலறல், அண்டை வீடுகளின் மௌனம். “போதவில்லையா, நாங்களும் உதவுகிறோம்” என்ற பாவனையில் திருடர்களே போலீசைக் கூப்பிட்டுக் கூச்சலிடுகிறார்கள். தலைவனின் குரல் பிட்ஜின் ஆங்கிலத்தில் நிதானமாக, கிட்டத்தட்ட மரியாதையாகப் பேரம் பேசுகிறது. திருடர்களின் முகத்தையோ உடையையோ பற்றி ஒரு வரி இல்லை. இப்படியே எடுத்து ஒலிபரப்பினால் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. போர் ஓய்ந்த நாட்டில் குடிமகனுக்குக் காவல் இல்லை என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன கதை எனக்குத் தெரிந்து இல்லை.

தொகுதியின் தலைப்புக் கதை வேறு வகை. நீதி அமைச்சக அதிகாரி ரெஜினால்ட் நுவான்க்வோ, கிளாடிஸ் என்ற பெண்ணைப் போரின் வெவ்வேறு கட்டங்களில் மூன்று முறை சந்திக்கிறான். படையில் சேரத் துடித்த மாணவி, சோதனைச் சாவடியில் அவன் காரையே கறாராகச் சோதித்த காவலாளி, கடைசியில் கள்ளச் சந்தைப் பகட்டில் திரியும் பெண். அவள் கெட்டுவிட்டாள் என்று வருந்தும் நுவான்க்வோ நிவாரண உணவைத் தன் வீட்டுக்குக் காரில் ஏற்றிச் செல்பவன். விமானத் தாக்குதலில் காரில் இருந்து தப்பி ஓடும்போது, உள்ளே சிக்கிய ஊனமுற்ற படைவீரனுக்காகத் திரும்பிப் போய் உயிர்விடுபவள் அவள். நாட்டின் சார்பாகப் பேசும் மனிதனைக் கதை தலைகுனிய வைக்கிறது.

இதை மனதில் வைத்து நினைவுநூலுக்கு வரலாம். நான்கு பகுதிகளும் இடையிடையே கவிதைகளுமாக அமைந்த நூல் அது. 1961இல் வெளிநாட்டு ஒலிபரப்பின் இயக்குநராகி, நைஜீரியாவின் குரலை உலகுக்குக் கொண்டுசென்றவர் அச்செபே. 1966 ஜனவரியில், ராணுவப் புரட்சியில் முடியும் அவரது ‘எ மேன் ஆஃப் தி பீப்பிள்’ வெளியான அதே நாட்களில் உண்மையிலேயே புரட்சி நடந்தது. ஜூலையில் எதிர்ப்புரட்சி, தொடர்ந்து அச்செபே சார்ந்த இக்போ மக்கள் மீது படுகொலைகள். படைவீரர்கள் அவரைத் தேடி ஒலிபரப்பு நிலையத்துக்கே வந்த செய்தி தொலைபேசியில் அவருக்குச் சொல்லப்பட்டது. குடும்பத்தை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு தானும் கிழக்குப் பகுதிக்குத் தப்பினார். நாட்டின் குரலாக இருந்தவரை நாடே வேட்டையாடிய இந்தப் பக்கங்கள் நூலின் வலுவான பகுதி. அதைவிட வலுவானது கவிஞர் கிறிஸ்டஃபர் ஒகிக்போவின் மரணம். 1967இல் காரோட்டிக்கொண்டிருந்த அச்செபே, தன் நெருங்கிய நண்பர் போரில் கொல்லப்பட்டதை எதிர்த்தரப்பு வானொலிச் செய்தியாகக் கேட்கிறார். அலங்காரம் ஏதுமின்றி அதை எழுதியிருக்கிறார்.

ஆனால் நூல் முன்னேற முன்னேற வேறொரு குரல் மேலோங்குகிறது. போர்க்காலத்தில் அச்செபே பயாஃப்ராவின் தூதராக நாடு நாடாகச் சென்றார். பயாஃப்ராவின் கொள்கை அறிக்கையான 1969ஆம் ஆண்டின் அஹியாரா பிரகடனத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதும்போதும் அந்தத் தூதர் ஓயவில்லை. கூட்டாட்சி அரசின் முற்றுகையால் லட்சக்கணக்கானோர் பட்டினியில் மடிந்ததற்கு அவ்வரசின் நிதி ஆணையர் ஒபாஃபெமி அவொலோவோவின் பொறுப்பை அவர் வெளிப்படையாகச் சுட்டியதால் நைஜீரியாவில் பெரும் சர்ச்சை எழுந்தது. அந்தக் குற்றச்சாட்டை எழுப்ப அவருக்கு முழு உரிமை உண்டு. உலகம் மறந்த பட்டினி அது. என் குறை வேறு. பயாஃப்ராத் தலைமையின் தவறுகளையும் அவர் தொடுகிறார்; ஆனால் தன்னையே அந்தத் தராசில் நிறுத்துவதில்லை. நுவான்க்வோவைக் கேட்ட கேள்வியை நினைவுநூலின் ‘நான்’ தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கதையில் திருடனுக்கும் முழுக் குரல் கிடைக்கிறது. நினைவுநூலில் எதிராளி மேற்கோளாகவும் ஆவணமாகவும் மட்டுமே வருகிறார்.

ஒலிபரப்பு அச்செபேக்குக் கற்றுத் தந்தது இதுதான்: பேசுகிறவன் யாராக இருந்தாலும் அவனுக்குரிய குரலில் பேசவிடுவது. கதைகளில் அந்தப் பாடம் கலையாகியது. நினைவுநூல் ஒரு மக்கள் கூட்டத்தின் வழக்கைச் சொல்ல வந்தது. வழக்குரைக்கும்போது அந்தப் பாடம் பின்னால் போய்விட்டது. வரலாற்றுக்காக நினைவுநூல் தேவை. ஆனால் அந்தப் போர் மனிதர்களை என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள ‘சிவில் பீஸ்’ கதையின் சில பக்கங்கள் அந்த நூலைவிட அதிகம் தருகின்றன.

நம்மிடமும் இந்த வாசிப்புக்கு வேலை இருக்கிறது. தி. ஜானகிராமன், அகிலன், மீ.ப. சோமு ஆகியோர் அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர்கள். அச்செபே பயிற்சி பெற்ற அதே பிபிசியில் தமிழ் ஒலிபரப்பை நடத்திய சோ. சிவபாதசுந்தரம், ‘ஒலிபரப்புக் கலை’ என்று ஒரு நூலே எழுதினார். ஜானகிராமனின் உரையாடல்களைப் புகழாத விமர்சகர் இல்லை. ஒலிபரப்புப் பணியோடு சேர்த்து அதை ஆராய்ந்தவர்கள் குறைவு. ஆய்வு மாணவர்கள் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அச்செபேயிடம் புதிதாக வருகிற வாசகர் கதைகளை முதலில் படிக்கட்டும், முடிந்தால் வாய்விட்டு. நினைவுநூல் அதற்குப் பிறகு வரட்டும்.