மரத்தரையும் கொஞ்சம் சூடும்

குளிர் தேசங்களில் தரைக்கு அடியிலேயே கணப்பு வைக்கிறார்கள். கொரியாவில் இது பழைய சமாசாரம், 'ஒண்டோல்' என்று பெயர். அடுப்புப் புகையைக் கற்பலகைகளுக்கு அடியில் ஓடவிட்டு, மேலே எண்ணெய்க் காகிதம் ஒட்டினார்கள். டோக்கியோவில் ஒரு கொரிய அறையில் உட்கார்ந்து சொக்கிப்போன அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், 1937-ல் விஸ்கான்சினில் ஜேக்கப்ஸ் வீட்டின் கான்கிரீட் தரைக்கடியில் குழாய் புதைத்தார். கவனியுங்கள்: கல், கான்கிரீட்.

இன்றைக்கு இங்கிலாந்தில் இதன்மேல் மரத்தைப் போட ஆசைப்படுகிறார்கள். தப்பில்லை. ஆனால் பளபள கேட்லாக்குகளில் மரத்தின் நிறம்தான் பக்கம் பக்கமாக. பலகையான பிறகும் மரம் ஈரத்தை வாங்கும், விடும். அடியில் சூடு, மேலே உலர்ந்த காற்று என்றால் குறுக்குவாட்டில் சுருங்கி, இடுக்கில் காசு விழும். பீச் மரம் ரொம்ப ஆட்டம் போடும், ஓக் தேவலை. முழுப்பலகையைவிடக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய 'என்ஜினியர்டு' ஓக் உத்தமம். 'அசல் இல்லையே' என்று மூக்கைச் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

என் பெரிய புகார் வேறு. மரத்தின் மேல்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. அறை 20 டிகிரி என்றால், சதுர மீட்டருக்குக் கிடைப்பது 75 வாட் சொச்சம்தான். ஜன்னல் வழியே காற்று புகும் பழைய வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? மின்சாரப் பாய் போட்டால் முதலீடு கம்மி, மாசாமாசம் பில் எகிறும். (பி.காம். படித்ததற்கு இதாவது புரிகிறதே!) வீடு முழுக்க என்றால் வெந்நீர்க் குழாய்தான் கட்டுப்படியாகும்.

"என் அறைக்கு எத்தனை வாட் வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். கணக்கே போடாமல் "கவலைப்படாதீங்க" என்று சொல்கிற கடையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடலாம்.