ஜிம் லில்லின் கம்பியும் நம்ம ஊர் ஈட்டி மரமும்

மின் கிடார் கட்டுகிறவர்கள், வாங்கிச் சேர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம்: நாதம் மரத்திலிருந்து வருகிறதா, மின்சாரத்திலிருந்து வருகிறதா? இந்தச் சண்டையில் பெரிய வெடியாக வந்து விழுந்தது நாஷ்வில் கிடார் கலைஞர் ஜிம் லில் யூடியூபில் போட்ட சோதனைப் படம். பார்க்காதவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பாதி சரி, பாதி பதில் சொல்லாமல் நழுவுகிறது என்பது என் கட்சி.

படத்தில் அவர் செய்வது எளிய வேலை. விலை கூடிய டெலிகாஸ்டர் வகைக் கிடார் ஒன்று, மலிவான கிடார் ஒன்று. ஒவ்வொரு பாகமாக மாற்றி மாற்றிப் பதிவு செய்கிறார். கடைசியில் பாடியும் இல்லை, நெக்கும் இல்லை. கனமான சாமான்களுக்கு நடுவே கம்பியை இழுத்துக் கட்டி, அடியில் பிக்கப்பை வைத்து வாசிக்கிறார். விலை கூடிய கிடாரின் சத்தம் அப்படியே வருகிறது. கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி மாறினால் சத்தம் மாறுகிறது. மரம் போனதில் ஒன்றும் போகவில்லை.

ஒரே நேரத்தில் ஒரே ஒரு மாறியைத் தொடுவது, எல்லாவற்றையும் அளந்து வைப்பது என்று ஒரு பொறியாளனுக்குப் பிடித்த ஒழுங்கு இதில் இருக்கிறது. மென்பொருளில் பிழை தேடுகிறவன் செய்வதும் இதுதான். இயற்பியலும் அவர் பக்கம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய காயில். தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பி, சுமார் 8,000 சுற்று. (நம்ம ஊரில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் இந்தக் கம்பியைக் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் தத்துவம் அதேதான்.) எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், காயிலில் மின்னோட்டம் பிறக்கும். காயிலுக்கு மரம் தெரியாது, கம்பியின் அசைவு மட்டும்தான் தெரியும்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் விற்ற முதல் மின் கிடாருக்கு 'வாணலி' என்று செல்லப் பெயர். வார்த்த அலுமினியம், மருந்துக்குக்கூட மரம் கிடையாது. 1950களில் டேனலெக்ட்ரோ கம்பெனி மரத்தூளை அழுத்திச் செய்த ஹார்டுபோர்டில் கிடார் செய்து விற்றது. அதில் ஒன்றைத்தான் பின்னாளில் ஜிம்மி பேஜ் மேடையில் வாசித்தார். 'மரம்தான் பாடுகிறது' என்ற பேச்சு மின் கிடாருக்கு வயலினிலிருந்து கடன் வாங்கியது.

ஆனால் அந்த வாணலியின் கதை அதோடு முடியவில்லை, லில்லோடு எனக்கு உரசல் வருகிற இடமும் அதுதான். மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரியும், சுருதி கலையும். ரிக்கன்பேக்கர் பேக்லைட்டுக்குத் தாவியதற்கு இதுவும் ஒரு காரணம். சத்தம் நன்றாகத்தான் இருந்தது, பொருள்தான் இருந்த இடத்தில் இருக்கவில்லை.

லில்லின் கம்பி ஒரு அறைக்குள், சில நிமிடம் ஒலித்தால் போதும். என் கிடார் சித்திரையில் நாற்பது டிகிரியைத் தொடும் சேலத்திலும் இருக்க வேண்டும், ஐப்பசியில் துணி காயாத ஈரத்திலும் இருக்க வேண்டும். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. வெயில் காலத்தில் ஃப்ரெட்போர்டு சுருங்கி, ஃப்ரெட் கம்பிகளின் முனை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு விரலைக் கிழிப்பது இதனால்தான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் இருக்கிற இடம் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். நெக் அரை மில்லிமீட்டர் வளைந்தால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரையும், இல்லையென்றால் அமுக்கவே முடியாது. லில்லின் சோதனையில் வாசிக்கிற கைக்கு இடமே இல்லை.

நம்முடைய வீணை இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. தஞ்சாவூர் வீணையில் பலா மரம், அதன் மேல் மெழுகுப் படுகையில் பதித்த மெட்டுகள். மெழுகு இளகும், மெட்டு நகரும், சில வருஷத்துக்கு ஒருமுறை மேளம் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கருவி அசையும் என்பதை ஒப்புக்கொண்டு செய்த வடிவம். கிடாரில் ஃப்ரெட்டை அடித்து இறக்கியாகிவிட்டது. 648 மில்லிமீட்டர் கம்பி நீளத்தில் முதல் ஃப்ரெட் 36.4 மில்லிமீட்டரில். அதற்குமேல் மரம்தான் வாக்குக் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே மரம் முக்கியம்தான், ஆனால் பாடுவதற்காக அல்ல, சும்மா இருப்பதற்காக. பாடிக்கு எடையும் கைக்கு ஏற்ற வடிவமும் போதும், நெக்குக்கு நேர் ரேகை ஓடுகிற நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும், ஃப்ரெட்போர்டுக்கு விரல் தேய்க்கத் தேயாத கடினம் வேண்டும்.

இதை லில் சொல்லாமல் விட்டதால், படத்தைப் பார்த்த ஒரு கூட்டம் 'எந்தக் கட்டையும் சரி' என்கிறது. எதிர்க் கூட்டம் காது கொடுக்காமல் பழையபடி 'ரோஸ்வுட்டின் கதகதப்பு' என்று பாடி, அதற்குப் பணம் கட்டுகிறது. இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம். அந்த ரோஸ்வுட் நம்ம ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். கொல்லிமலை, சேர்வராயன் பக்கத்துக்காரர்களுக்குப் புதிய பெயர் அல்ல. ஃபெண்டர் 1950களின் கடைசியில் ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டுக்குப் போனதற்குக் காரணம் நாதம் அல்ல. வெளிர் மேப்பிள் பலகை விரல் பட்டு அழுக்கேறி அசிங்கமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிரேசில் ரோஸ்வுட் வணிகம் 1992ல் கிட்டத்தட்ட நின்றுபோனதும் பாரம் முழுக்க நம்ம மரத்தின் மேல் வந்தது.

ஈட்டி மெதுவாக வளர்கிற மரம். தமிழ்நாட்டில் அதற்கென்றே 1994ல் தனிச் சட்டம் வந்தது, பட்டா நிலத்தில் நின்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாதபடி. 2017 ஜனவரியில் சைட்டிஸ் ஒப்பந்தம் அந்தப் பேரினம் முழுவதையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. கிடார் கம்பெனிகள் கூச்சல் போட, 2019 கடைசியில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அந்த இடைவெளியில் ஃபெண்டர் தன் மெக்சிகோ கிடார்களில் பாவ் ஃபெரோ என்ற வேறு மரத்தைப் போட்டது. கிப்சன், காகிதத்தையும் பிசினையும் அழுத்திச் செய்த ரிச்லைட்டை லெஸ் பால் கஸ்டமிலேயே பொருத்தியது. சேகரிப்பாளர்கள் புலம்பினார்கள். கண்ணைக் கட்டிக் கேட்கச் சொன்னால் எத்தனை பேர் தேறுவார்கள்? பெட்டியே பாட வேண்டிய அகூஸ்டிக் கிடாரில்கூட இந்தச் சோதனை நடந்திருக்கிறது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் பின்பக்க மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிடார்களை, பார்வை மறைத்த 52 கிடார் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். 2018ல் வந்த முடிவு: விலை உயர்ந்த ரோஸ்வுட்டுக்கும் மலிவான மரத்துக்கும் மதிப்பெண்ணில் சொல்லும்படி வித்தியாசமில்லை.

பெயிண்டிலும் இதே கூத்து. பழைய நைட்ரோ பூச்சில் 'மரம் மூச்சு விடும்' என்பார்கள். ஃபெண்டர் பூசியது டூபாண்ட் கம்பெனியின் கார் பெயிண்ட். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம், லேக் பிளாசிட் புளூ கெடிலாக்கின் நிறம். அந்த டூபாண்டின் பெயர்தான் நம்ம ஊரில் 'டூக்கோ பெயிண்ட்' என்று இன்னும் வாயில் இருக்கிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறைகளில் ஸ்பிரே துப்பாக்கி பிடிக்கிற கைக்கு இது தெரியாத வித்தை இல்லை.

எனக்குப் பிடித்த கிடார் கட்டுநர் பிரையன் மே. 1963ல், பள்ளிப் பையனாக, அப்பாவோடு சேர்ந்து தொடங்கினார். நெக் ஒரு பழைய கணப்படுப்பின் சட்டம், டிரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், கைப்பிடி முனைக்கு அம்மாவின் பின்னல் ஊசி. குயின் இசைக்குழுவில் நாம் கேட்பது அதைத்தான். அவர் எந்த மரம் பாடும் என்று தேடவில்லை, நூறு வருஷம் காய்ந்து அசையாமல் கிடந்த ஒன்றை எடுத்தார்.

கிடார் கட்ட ஆசைப்பட்டு, வெளிநாட்டுப் பலகையின் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு: பாடிக்கு மலைவேம்போ ஏற்காட்டு எஸ்டேட் சில்வர் ஓக்கோ பாருங்கள், பலா கொஞ்சம் கனம். நெக்குக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் பழைய தேக்கு நிலைச் சட்டம் கிடைக்கும், ரேகை நேராக ஓடுகிறதா, ஆணி ஓட்டை எங்கே என்று பார்த்து வாங்கி, ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் வீட்டில் போட்டுவிட்டு அப்புறம் இழைக்கத் தொடங்குங்கள்.