பச்சை என்றால் சுடாதது

சூளைத் தொழிலில் 'பச்சை' என்ற சொல்லுக்கு நிறத்தோடு சம்பந்தமில்லை. பச்சைக்கல் என்றால் சூளைக்குப் போகாத செங்கல். பச்சைப் பானை என்றால் வனைந்து, நிழலில் உலர்த்தி, இன்னும் நெருப்புக் காணாதது. தண்ணீர் ஊற்றினால் கரைந்துபோகும். பிறந்த குழந்தையைப் 'பச்சை மண்' என்று நம் வீடுகளில் சொல்வதும் இந்த அர்த்தத்தில்தான். திருக்குறளின் 660ஆம் குறள், வஞ்சனையால் சேர்த்த பொருளைக் காப்பதைச் சுடாத மண்கலத்தில் நீரை ஊற்றிவைப்பதற்கு ஒப்பிடுகிறது. வள்ளுவர் அங்கே அந்தக் கலத்துக்குக் கொடுக்கும் அடைமொழி 'பசு'. விருத்தாசலத்துப் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் படிக்கிற பையனும் சுடாத சரக்கை 'கிரீன் வேர்' என்றுதான் படிக்கிறான். ஆக, இந்த ஊரின் பிரக்ஞையில் பச்சை என்பது ஒரு நிறமல்ல, குணமுமல்ல. அது ஒரு நிலை. நெருப்புக்கு முந்திய நிலை.

இந்த அர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சென்னையின் 'பசுமைக் கோபுரங்களில்' உயர்தர அலுவலக இடம் வாடகைக்கு விடுவதற்காக அச்சிடப்படும் கையேடுகளைப் படித்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. சிறுபத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று கேட்கக்கூடும். இன்று மிக அதிகமான செலவில், மிக அதிகமான கவனத்தோடு எழுதப்படும் உரைநடை இதுதான். கவிதையிலிருந்து திருடக் கூடியதையெல்லாம் திருடிக்கொண்டுவிட்ட உரைநடையும் இதுதான். விமர்சகன் இதைப் படிக்காமல் ஒதுக்குவது தன் சௌகரியத்துக்காக மட்டுமே இருக்க முடியும்.

இவ்வகை எழுத்தின் முதல் லட்சணம், அதில் எழுவாய் கிடையாது. கட்டடம் 'சுவாசிக்கிறது', வெளிச்சம் 'வரவேற்கிறது', இடம் 'மலர்கிறது'. யார் கட்டினார்கள், யார் பெருக்குகிறார்கள், யார் வாடகை வாங்குகிறார்கள் என்பதைக் கடைசிப் பக்கம் வரை சொல்லாமலே நகர்ந்துவிடுகிறது. இரண்டாவது லட்சணம், பெயரடைகளின் பெருக்கம். இந்தப் பெயரடைகளில் ராஜா 'பசுமை'. கடைசிப் பக்கத்தில்தான் எழுத்து தன் சுயரூபத்துக்கு வருகிறது: சதுர அடி, மாத வாடகை, முன்பணம், பராமரிப்புக் கட்டணம். எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கிறது. அது ஒன்றுதான் ஸ்தூலமானது.

அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்திய நகரங்களில் பெரிய அலுவலகக் குத்தகை பெரும்பாலும் ஒன்பது வருஷம், மூன்று மூன்றாகப் பிரித்தது. முதல் மூன்று வருஷம் குடியிருப்பவர் வெளியேற முடியாது. அதன்பிறகு அவர் போகலாம், இடக்காரர் அவரைப் போகச் சொல்வது கடினம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வாடகை 15 சதவீதம் ஏறுவது வழக்கம். வாடகை கணக்கிடப்படும் 100 சதுர அடியில் நாற்காலி போட முடிவது ஏறக்குறைய 70தான்; மிச்சம் லிப்ட், நடை, முகப்புக்கூடம். விடப்படும் இடமோ பல சமயம் வெறும் கூடு: தரையில் ஓடு இல்லை, மேலே கூரைத்தட்டி இல்லை. எல்லாவற்றையும் வாடகைக்கு வருபவர் போட்டுக்கொள்கிறார். போகும்போது இடித்துப் பழைய கூடாக ஒப்படைக்கிறார். அடுத்தவர் வந்து திரும்பப் போடுகிறார். ஒரு கோபுரத்தின் ஆயுளில் அதன் உட்புறம் எத்தனை முறை பிறந்து சாகிறது என்று கணக்குப் பார்த்தால், 'நிலைத்த' என்ற பெயரடை கொஞ்சம் கூச வேண்டும்.

பசுமைக்குச் சான்றிதழ் உண்டு. 'லீட்' என்ற அமெரிக்க மதிப்பீட்டு முறை 2000இல் வந்தது. இந்தியப் பசுமைக் கட்டடக் குழுமம் 2001இல் அமைந்தது. ஹைதராபாத்தில் சொராப்ஜி கோத்ரெஜ் பெயரிலுள்ள பசுமை வணிக மையம் பிளாட்டினத் தரம் பெற்று, 2004இல் அப்துல் கலாமால் திறந்துவைக்கப்பட்டது. சென்னையில் கிண்டி ஒலிம்பியா டெக் பார்க் தங்கத் தரம் வாங்கியது. மொத்தம் 110 புள்ளிகள். 40 வந்தால் சான்று, 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்குப் பிளாட்டினம். வாடகைக் கோபுரங்களுக்கென்று தனி வகையும் உண்டு: கூட்டையும் நடுத்தண்டையும் மட்டும் மதிப்பிடுவது. உள்ளே வருபவர் என்ன செய்கிறார் என்பது பெரும்பாலும் கணக்குக்கு வெளியே.

இந்த முறையைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது, வெயிலைத் தடுத்து ஏ.சி.யின் சுமையைக் குறைப்பது, இவையெல்லாம் சென்னை போன்ற ஊரில் நிஜமான லாபங்கள். கட்டுபவருக்கும் இருப்பவருக்கும் இடையிலான பழைய கோணலையும் இது தொட்டது: நல்ல இயந்திரத்துக்குப் பணம் போடுவது இடக்காரர், மின்கட்டணத்தில் மிச்சம் பிடிப்பது குடியிருப்பவர், ஆகவே இருவருமே சும்மா இருந்துவிடுவார்கள். சான்றிதழ் வந்தபிறகு பசுமையே வாடகையில் ஒரு விலையாகிவிட்டதால் இந்த முடிச்சு கொஞ்சம் அவிழ்ந்தது. ஆனால் கணக்கு பெரிதும் காம்பவுண்டுச் சுவரிலிருந்தே தொடங்கியது. சுவருக்கு வெளியே நடந்த நெருப்புக்கு வெகுகாலம் புள்ளியும் இல்லை, கழிவும் இல்லை.

அந்த நெருப்பைப் பார்ப்போம். சிமெண்ட் சூளையில் ஏறக்குறைய 1450 டிகிரி. கண்ணாடி உருகுவது அதற்கும் மேலே. தரை ஓடும் கழிப்பறைப் பீங்கானும் 1200 டிகிரியை ஒட்டி. அந்தக் கோபுரத்தில் சுடாத பொருள் ஏதாவது உண்டா என்று தேடினால், முகப்புக்கூடத்துத் தொட்டிச்செடி ஒன்றுதான் அகப்படும், தொட்டிகூடச் சுட்டது. இந்தியாவின் தரை ஓட்டில் மிகப் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியில் வேகிறது. அங்கே நிலக்கரிவாயு அடுப்புகளை மூடச் சொல்லி 2019இல் உத்தரவிட்ட அமைப்பின் பெயர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். ஒரே சொல், ஓட்டைச் சுடும் இடத்தில் தண்டனையாகவும் ஓட்டைப் பதிக்கும் இடத்தில் பதக்கமாகவும் இருக்கிறது. விளம்பரம் எழுதுகிறவருக்கு இது முரணாகப் படாது. நமக்குப் பட வேண்டும்.

விருத்தாசலத்துக்கு அருகே நெய்வேலி. நிறுவனம் 1956இல் வந்தது, மின்சாரம் 1962இல். பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்த வெண்களிமண்ணைக் கழுவியெடுக்கும் ஆலை அதன் ஆரம்பகாலத் திட்டத்திலேயே ஓர் அங்கம். விருத்தாசலத்தில் பீங்கான் காலூன்றியதற்கு அந்த மண்ணின் அண்மை ஒரு காரணம். ஒரே குழியிலிருந்து மண்ணும் நெருப்பும் வந்தன. தமிழக மின்கட்டத்தில் கலக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு இன்னும் அந்தக் குழியுடையது. 2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும்போது, வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயல்களின் மேல் மண்வாரி இயந்திரங்கள் ஏறின. அதுவும் பசுமைதான். அதற்குப் புள்ளி கிடையாது.

இவ்வூரின் கோயில் கதை ஒன்று இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. ஊருக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்று நாம் சொல்வது இதிலிருந்துதான். நமக்கு உதவுவது கதையின் இன்னொரு பகுதி. ஆற்றில் போடுமுன் அவர் மாதிரிக்காக ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். அதற்குப் பெயர் மச்சம். குளத்தில் கிடைத்த பொன்னை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. நெய்வேலியிலும் மோர்பியிலும் போட்டது கிண்டியிலும் தரமணியிலும் தங்கமாகவும் பிளாட்டினமாகவும் எடுக்கப்படுகிறது. அற்புதத்தில் எனக்கு ஆட்சேபணையில்லை. நம் கையில் மச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இனி நம் பக்கம் வருகிறேன். தமிழ்ப் புனைகதைக்கு வாடகை வீடு நன்றாகத் தெரியும். அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) நாவலில் குடியிருப்பவர்களின் வாழ்க்கை குடத்தையும் பம்பையும் சுற்றி அமைகிறது. நீர் அங்கே ஒரு ஒழுக்கப் பிரச்னை, புள்ளிப் பட்டியலல்ல. ஒண்டுக் குடித்தனம், பொதுக் கழிப்பறை, மாடியிலிருந்து குரல் கொடுக்கும் வீட்டுக்காரர், எல்லாம் நம் கதைகளில் கண்ணெதிரே நிற்கின்றன. ஆனால் அலுவலகம்? ஆதவன் தில்லி அலுவலகங்களைப் பற்றி நுட்பமாக எழுதினார். அங்கே அலுவலகமென்பது முகமூடிகள் சந்திக்கும் மேடை. கட்டடம் இல்லை. அதன் சுவர் யாருடையது, வாடகை எவ்வளவு, ஜன்னல் திறக்குமா என்பது அந்தப் பாத்திரங்களின் கவலையல்ல. அரசாங்கம் இடக்காரராக இருந்த காலத்தில் இது போதுமானதாக இருந்திருக்கலாம். பிறகு மென்பொருள் கோபுரங்களுக்குள் நடக்கும் கதைகளும் வந்தன. அவற்றிலும் பெரும்பாலும் காதலும் வேலைநீக்கமும்தான் உண்டு, கட்டடம் பின்திரை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு முகம் உண்டு, வசவு உண்டு. ஆகவே அவர் பாத்திரமாகிவிடுகிறார். கோபுரத்து இடக்காரருக்கு முகமில்லை. 2019 ஏப்ரலில் இந்தியாவின் முதல் நில முதலீட்டு அறக்கட்டளை எம்பசியின் பெயரில் பங்குச் சந்தைக்கு வந்தது. இத்தகைய அறக்கட்டளை பங்கிடத்தக்க பணவரவில் குறைந்தது 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குப் பகிர வேண்டுமென்பது செபியின் விதி. அதாவது வாடகையே சரக்காகி, துண்டு துண்டாக விற்பனைக்கு வந்துவிட்டது. கோபுரத்தில் தொழில் நடத்துகிறவர் யாருக்கு வாடகை தருகிறார் என்பது அவருக்கே தெரியாது, ஒருவேளை தனக்கேகூட. இது புனைகதைக்குச் சவாலான விஷயம். நாம் இதைத் தொடவில்லை.

விருத்தாசலத்துச் செராமிக் பேட்டையும் குத்தகை ஏற்பாட்டில் வளர்ந்ததுதான். சிறு உற்பத்தியாளர்கள் கொட்டகை எடுத்தார்கள். அச்சில் ஊற்றிய பியூஸ் கட்டையையும் பொம்மையையும் அகல்விளக்கையும் பொதுச் சூளைக்குக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டிச் சுட்டு வாங்கினார்கள். இதைப் பொற்காலமென்று நான் சொல்லவில்லை. மண்தூசி நுரையீரலுக்கு என்ன செய்யுமென்பது தெரிந்ததுதான். பிளாஸ்டிக் சுவிட்சு வந்ததும் பியூஸ் கட்டையின் கதி என்னவாயிற்று என்பதும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. அங்கே நெருப்பு வாடகைக் கணக்கில் ஒரு வரியாக இருந்தது. இடத்துக்கு இவ்வளவு, தீக்கு இவ்வளவு. கோபுரத்துக் கையேடு இல்லாமலாக்கியது அந்த ஒரு வரியைத்தான்.

கையேட்டைத் திட்டுவது சுலபம். நம் கவிதைகளை எடுத்துப் பாருங்கள். சுற்றுச்சூழல் பற்றிய நம் வரிகளில் 'பசுமை' எப்படி வருகிறது? அதே எழுவாயற்ற பெருமூச்சாக, அதே அலங்காரமாக. மரம் வெட்டப்படுகிறது, யார் வெட்டினார்கள், மரம் என்ன விலைக்குப் போயிற்று என்பது கிடையாது. கலைச்சொல்லாக்கமும் இதே நோயில் விழுந்தது. 'நிலைத்த', 'நீடித்த', 'வளங்குன்றா', 'பேண்தகு' என்று நான்கு பெயரடைகள் செய்து வைத்திருக்கிறோம். கடைசிச் சொல்லில் மட்டும் உயிர் இருக்கிறது, ஏனென்றால் பேணுதல் ஒரு வினை. வினைக்கு ஆள் வேண்டும். யார் பேணுவது? மூன்று வருஷத்தில் போகிறவரா, முகமில்லாத இடக்காரரா? சொல்லைச் செய்தவர்கள் அதைக் கேட்கவில்லை. கவிஞன் கேட்டிருக்க வேண்டும்.

மதிப்பீட்டு முறைக்காரர்கள்கூட நம்மை முந்திவிட்டார்கள் என்பது சங்கடமான உண்மை. 2025இல் வந்த லீட் ஐந்தாம் பதிப்பு, கட்டுமானப் பொருளுக்குள் புதைந்திருக்கும் கரியைக் கணக்கிட்டுக் காட்டுவதை முன்நிபந்தனையாக்கியிருக்கிறது. சுவருக்கு வெளியே நடந்த நெருப்பைப் பொறியாளர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள், எண்களில். அதைச் சொற்களில் எழுதும் வேலை பாக்கியிருக்கிறது.

அதற்கான சொற்கள் இங்கேயே இருக்கின்றன. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்தார். ஒரு நிலத்தின் வாயில் புழங்கியதை அப்படியே எடுத்து வைத்த காரியம் அது. சூளையின் சொற்களுக்கும் யாராவது அதைச் செய்ய வேண்டும்: மண்ணைப் புளிக்க வைப்பது, ஈரம் போக்குவது, முதல் சூடு, பூச்சு, இரண்டாம் சூடு, வெடிப்பு, கழிவு. இவை ஒவ்வொன்றும் நிலைமாற்றத்தைச் சொல்லும் சொல். ஒவ்வொன்றுக்கும் செய்கிற ஆள் உண்டு, ஆகிற செலவு உண்டு. பெயரடையாலான மொழிக்கு எதிராக வைக்க வேறு என்ன இருக்கிறது நம்மிடம்?

அடுத்த முறை ஒரு வரியில் 'பசுமை' என்று எழுத நேர்ந்தால் அதைச் சூளைக்காரரின் காதால் கேட்டுப் பாருங்கள். இன்னும் சுடவில்லை என்றுதான் அவருக்குக் கேட்கும். அப்படிக் கேட்டும் வரி நிற்குமானால் நிற்கட்டும். கரையுமானால் அது பச்சைப் பானை.