மேலிருந்து பார்த்தால் தெரியாத உதை

2012 ஜூலை 29 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் மார்பு நீச்சல் இறுதிப் போட்டி நடந்தது. தென்னாப்பிரிக்காவின் கேமரூன் வான் டெர் பர்க் 58.46 விநாடியில் சுவரைத் தொட்டுத் தங்கம் வென்றார். 2009இல் ரோம் நகரில் ஆஸ்திரேலியாவின் பிரென்டன் ரிக்கார்ட் நிகழ்த்திய 58.58 என்ற உலக சாதனை அன்று உடைந்தது. ரிக்கார்ட் நீந்தியது உடலை இறுக்கி மிதக்கவைக்கும் பாலியூரித்தேன் உடைகள் புழங்கிய காலத்தில். அந்த உடைகள் 2010இல் தடைசெய்யப்பட்ட பிறகு சாதாரணத் துணி உடையில் அந்த நேரத்தைத் தாண்டியது பெரிய விஷயம். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் ஸ்பிரெங்கர் 58.93இல் வெள்ளி வென்றார். அமெரிக்காவின் பிரெண்டன் ஹேன்சனுக்கு வெண்கலம். முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் இதே தூரத்தில் தங்கம் வென்றிருந்த ஜப்பானின் கொசுகே கிதாஜிமா ஐந்தாவதாகத்தான் வந்தார்.

அடுத்த சில நாட்களில் வான் டெர் பர்க் ஓர் ஆஸ்திரேலிய நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். நீருக்கடியில் விதி அனுமதித்ததைவிடக் கூடுதலாக டால்பின் உதை உதைத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் இதைச் செய்து தப்பித்துக்கொண்டிருக்கும்போது, நான்கு வருட உழைப்பைத் தான் மட்டும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை என்பது அவர் வாதம். இது நேர்மைக்கு உகந்ததல்ல என்பதையும் அவர் மறைக்கவில்லை. தொலைக்காட்சிக்காக நீருக்கடியில் வைத்திருந்த கேமராவில், குதித்தவுடன் அவர் ஒன்றுக்கு மூன்றாக உதைத்தது பதிவாகியிருந்தது. உலகம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நடுவர்கள் மட்டும் பார்க்கவில்லை.

பழியை ஒரு மனிதர் மீது போட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிப்பது எளிது. ஆனால் அந்தப் போட்டி அம்பலப்படுத்தியது ஒரு நடைமுறையை. குளக்கரையில் நின்று வெறும் கண்ணால் பார்த்து நீச்சல் முறையைத் தீர்மானிக்கும் அந்தப் பழைய நடைமுறையைத்தான் எடைபோட வேண்டும்.

நால்வகை நீச்சலில் மிக மெதுவானது மார்பு நீச்சல். தவளையைப் போல் முழங்காலை மடித்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் எதிர்த்துத் தள்ளுகிறது. அதனால் நீந்துபவருக்கு அதிக வேகம் கிடைப்பது குதித்த பிறகும், சுவரை உதைத்துத் திரும்பிய பிறகும் நீருக்கடியில் போகும் அந்தச் சில மீட்டர்களில்தான். இரு கைகளையும் தலைக்கு மேலிருந்து தொடைவரை ஒரே இழுப்பாக இழுக்கலாம். அதோடு சேர்த்து ஒரு டால்பின் உதை, பிறகு ஒரு தவளை உதை, உடனே மேலே வந்துவிட வேண்டும். 2012இல் விதி இவ்வளவுதான். டால்பின் உதையில் முழங்கால் மடங்கி முன்னே வராது. கால்கள் சேர்ந்தபடி உடல் அலைபோல வளையும். குதித்த வேகம் குறையாமல் உடலைக் கொண்டுபோக இதைவிடச் சிறந்த வழியில்லை. அதில் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைத்தால் என்ன லாபம் என்பது இந்த நீச்சலைப் பழகிய எவருக்கும் தெரியும்.

இதை நடுவர் எப்படிப் பார்க்கிறார்? ஒவ்வொரு தடத்தின் முனையிலும் ஒருவர் நிற்கிறார். குளத்தின் இரு பக்கமும் நீச்சல் முறையைக் கவனிக்கும் நடுவர்கள் நடக்கிறார்கள். ஆள் பலத்தில் குறையில்லை. குறை பார்க்கும் கோணத்தில் இருக்கிறது. டால்பின் உதை மேலும் கீழுமாக நடக்கும் அசைவு. தொடக்க மேடைக்குப் பின்னால் நின்று குனிந்து பார்ப்பவருக்கு அந்த அசைவு கண்ணை நோக்கி வருவதும் விலகுவதுமாக இருக்குமே தவிர, உதையாகத் தெரியாது. குதித்த இடத்தில் எழும் நுரை வேறு மறைக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஓரளவு தெரியும். ஆனால் அரையிறுதியில் வேகமாக நீந்தியவருக்கு நான்காவது தடம் கொடுப்பதுதான் மரபு. லண்டனில் வான் டெர் பர்க் நீந்தியதும் அந்தத் தடத்தில்தான். இரண்டரை மீட்டர் அகலத் தடங்களாகப் பிரித்த குளத்தில் அது கரையிலிருந்து சுமார் 11 மீட்டர் தள்ளி இருக்கிறது. இடையில் மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் நீரைக் கலக்கிக்கொண்டு போகிறார்கள். பதக்கம் வெல்ல அதிக வாய்ப்புள்ளவரை நடுவரின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நீந்தவிடும் ஏற்பாடு இது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றாலும் விளைவு அதுதான்.

இந்த நடைமுறைக்கென்று ஒரு பலம் உண்டு. மாவட்ட அளவில் பன்னிரண்டு வயதுப் பையன் நீந்தும் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் ஒரே விதி, ஒரே மாதிரியான நடுவர்கள் என்ற சமத்துவம் அதில் இருக்கிறது. தீர்ப்பு உடனே கிடைக்கிறது. முக்கியமாக, சந்தேகத்தின் பலன் நீந்துபவருக்கே போகிறது. கைகளை வேகமாகக் கீழே இழுக்கும்போது இடுப்பு தானாகவே சற்று எழுந்து இறங்கும். கால்களிலும் அந்த அலை போகும். காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இந்த இயல்பான அலைகூடக் குற்றமாகத் தெரியலாம். நாலு வருடம் உழைத்தவரைத் தகுதிநீக்கம் செய்யும் முன் நடுவர் தயங்குவது நல்ல குணம். அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஒரு குறிப்பிட்ட தவறு பிடிபடவே பிடிபடாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், அந்தத் தயக்கம் யாருக்குச் சாதகம்? விதியை மீறுபவருக்கு. ஒரே ஒரு உதையோடு நிறுத்திக்கொள்பவர் பின்தங்குகிறார். அவருடைய இழப்பு எந்த முடிவுப் பட்டியலிலும் தெரியாது என்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துவது.

லண்டனுக்கு எட்டு வருடம் முன்பே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இதே 100 மீட்டர் இறுதியில் கிதாஜிமா 1:00.08, ஹேன்சன் 1:00.25. வித்தியாசம் 0.17 விநாடி. அப்போது மார்பு நீச்சலில் டால்பின் உதை ஒன்றுகூடக் கூடாது. நீருக்கடியில் கிதாஜிமா உதைத்ததாக அமெரிக்க அணியின் ஆரன் பியர்சால் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். முடிவு மாறவில்லை. மறுவருடமே சர்வதேச நீச்சல் சம்மேளனமான ஃபினா, தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டால்பின் உதையை அனுமதித்தது. உடலின் இயல்பான அசைவுக்காக ஒருவரைத் தண்டிக்கும் அபாயம் இதனால் குறைந்தது, அது சரி. நடுவரின் வேலையோ கடினமானது. முன்பு உதை இருந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதும். இப்போது ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில், நுரைக்கு நடுவே, ஒன்றா இரண்டா என்று எண்ண வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைச் சரிசெய்யப் போய், தெரிய வேண்டியதன் அளவைக் கூட்டிவிட்டார்கள். 2014இல் அந்த ஓர் உதையை, முதல் தவளை உதைக்கு முன் எப்போது வேண்டுமானாலும் உதைக்கலாம் என்று இன்னும் தளர்த்தினார்கள். எண்ணிக்கைச் சிக்கல் அப்படியே நின்றது.

சிலர் இங்கே 1956 மெல்போர்னை நினைவுபடுத்துவார்கள். 200 மீட்டர் மார்பு நீச்சலில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா பெரும்பகுதி தூரத்தை நீருக்கடியிலேயே கடந்து தங்கம் வென்றார். அதன்பின் தொடக்கத்திலும் திருப்பத்திலும் தவிர நீருக்கடியில் நீந்தக்கூடாது என்று விதி வந்தது. இந்த நீச்சலின் வரலாறே சந்து கண்டுபிடிப்பதும் அடைப்பதுமாகத்தான் போகிறது, வான் டெர் பர்க்கும் அந்த வரிசையில் ஒருவர்தான் என்பது அவர்கள் வாதம். நான் ஏற்கவில்லை. ஃபுருகாவா செய்தது அன்றைய விதிக்கு உட்பட்டது. எல்லாருக்கும் திறந்திருந்த வழி. மூச்சுப்பிடிக்கும் திறமை யாருக்கு இருந்ததோ அவர் அதைப் பயன்படுத்தினார். லண்டனில் நடந்தது எழுதி வைத்த தடையை மீறியது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது ஃபுருகாவாவுக்குச் செய்யும் அநியாயம்.

அப்படியானால் வான் டெர் பர்க்கை என்ன செய்வது? அவருடைய வெற்றிக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. 2011 உலக சாம்பியன், நார்வேயின் அலெக்சாண்டர் டாலே ஓன், லண்டனில் தங்கம் வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்த வீரர். 2012 ஏப்ரல் 30 அன்று, அமெரிக்காவில் பயிற்சி முகாமில் இருந்தபோது, 26 வயதில் இறந்துபோனார். வான் டெர் பர்க் தன் வெற்றியை அந்த நண்பருக்குத்தான் அர்ப்பணித்தார். அதில் பொய் இல்லை. ஆனாலும் விதியை மீறியது மீறியதுதான். எல்லாரும் செய்தார்கள் என்பது குற்றத்தைப் பரவலாக்குமே தவிர, சிறியதாக்காது. அதே பேட்டியில் நீருக்கடிக் கேமராக்களை நடுவர்கள் பயன்படுத்தினால் இந்தப் பிரச்சினை தீரும் என்றும் அவர் சொன்னார். தங்கம் வென்றவரே வாய்திறந்து இப்படிச் சொல்வது அபூர்வம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போட்டி முடிந்து 30 நிமிடத்துக்குள் எதிர்ப்பு பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அந்தப் பேட்டி இந்த விளையாட்டுக்குச் செய்த உபகாரம் என்றே நினைக்கிறேன்.

லண்டனில் வெள்ளியோடு நின்ற ஸ்பிரெங்கர், மறுவருடம் பார்சிலோனா உலகப் போட்டியில் இதே 100 மீட்டரில் 58.79இல் தங்கம் வென்றார். வான் டெர் பர்க் இரண்டாவது. ஆனாலும் அந்தத் தங்கம் ஒலிம்பிக் தங்கத்துக்கு ஈடாகாது.

கேமரா வந்தால் தகுதிநீக்கம் பெருகும் என்று பயப்படுபவர்களுக்கு 2022 புடாபெஸ்ட் உலகப் போட்டியைக் காட்டலாம். 50 மீட்டர் மல்லாந்து நீச்சலில் முதலாவதாக வந்த அமெரிக்காவின் ஜஸ்டின் ரெஸ், சுவரைத் தொடும்போது முழு உடலும் நீருக்குள் போய்விட்டதாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பதிவுகளை மறுபடி பார்த்த பிறகு தீர்ப்பு மாறி, தங்கம் அவருக்கே திரும்பியது. கேமரா இங்கே வீரரைத்தான் காப்பாற்றியது. மனிதக் கண்ணும் பதிவும் சேர்ந்து வேலை செய்தால், சந்தேகத்தின் பலன் என்ற அந்த நல்ல மரபுக்கும் சேதம் வராது: கரையில் நிற்பவர் ஐயத்தை எழுப்பட்டும், பதிவைப் பார்ப்பவர் உறுதி செய்யட்டும், பதிவிலும் தெளிவில்லை என்றால் விட்டுவிடட்டும்.

லண்டன் தங்கத்தைத் திருப்பி வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2004இலேயே சிக்கல் தெரிந்தும், குளத்துக்குள் கேமரா இருந்தும், அதை ஒளிபரப்புக்கு மட்டும் விட்டுவைத்த ஃபினாதான் இதில் முதல் குற்றவாளி. கேமரா வைக்க வசதியில்லாத போட்டிகளில் பழைய முறையே தொடரட்டும். ஆனால் பார்வையாளருக்காக நீருக்கடியில் கேமரா வைக்கும் எந்தப் போட்டியிலும், அதே காட்சி நடுவரின் முன்னாலும் ஓட வேண்டும். அதைப் பார்க்காமல் மார்பு நீச்சலின் முடிவை அறிவிக்கக் கூடாது.